இதர வகை வருமானம்

ஜூலை கடைசி வாரம்.
எர்ணாவூர் மேம்பாலத்துக்குக் கீழே
ஜெராக்ஸ் கடையின் பின்பாதியில் என் மேசை.
சுவரில் இடுப்பளவில் ஒரு கறுப்புக் கோடு.
இரண்டு கோட்டிங் அடித்தாயிற்று,
ஈரக்காற்று வீசினால்
எண்ணெய் மறுபடி எட்டிப் பார்க்கிறது.

தேசிங்கு வந்திருக்கிறார்.
மணலி யார்டில் கண்டெய்னர் தூக்குகிற வண்டி ஓட்டுபவர்.
படிவம் பதினாறைப்
பால் கவரைக் கழுவிக் காயவைத்து
அதற்குள் சுருட்டிக் கொண்டுவந்திருக்கிறார்.
அந்த டிசம்பருக்குப் பிறகு
எங்கள் பக்கம் யாரும்
காகிதத்தை வெறுமனே வைப்பதில்லை.

"இந்த வருசம் இன்னா மாத்திக்கிறாங்க மேடம்?"
வருடா வருடம் இதே கேள்வி,
ரேஷனில் பாமாயில் வந்துச்சா என்பது போல.
புதிய முறை, பழைய முறை என்றேன்.
புதியதில் வரம்பு அகலம், கழிவு குறைவு.
"எல்.ஐ.சி. கட்டினதெல்லாம்?"
கட்டலாம், இங்கே காட்ட முடியாது.
பதினோரு வருட ரசீதுகளும்
தண்ணியோடு போனவைதான்.
"அப்போ போனா போவட்டும்"
என்று முதல்முறையாகச் சிரித்தார்.

பிறகு மெதுவாக,
"டோக்கன் குடுத்து கவர்மெண்ட் தந்த துட்டு?"
அதற்கு வரி இல்லை.
"கம்பெனி தந்த பத்தாயிரம்?"
அது சம்பளம்.
ஏற்கெனவே சேர்த்துவிட்டார்கள், இதோ,
இந்த வரியில்.
அவர் விரல் அந்த வரியிலேயே நின்றது.
கிரீஸ் ஏறிய நகம்.
"ரெண்டும் ஒரே தண்ணிக்குத்தானே மேடம்
குடுத்தாங்க?"

பிரிவும் உட்பிரிவும் எனக்கு மனப்பாடம்.
வாய் திறக்கவில்லை.
முன்பக்கம் யாருக்கோ
ஆதார் லேமினேட் ஆகிக்கொண்டிருந்தது.

"போனதை எங்க எழுதுறது?"
ஃப்ரிட்ஜ், பீரோ,
பையனின் ஐடிஐ சான்றிதழ்,
தனபாக்கியத்தின் ஓவர்லாக் மெஷின்.
அந்த அம்மா பீஸ் ரேட்டுக்குத் தைத்த கணக்கை
எழுதி வைத்திருந்தால் அது தொழில்,
நட்டத்துக்கு ஒரு கட்டம் இருந்திருக்கும்.
எழுதவில்லை.
ஆகவே அது வீட்டிலிருந்த ஒரு மெஷின்.
வீட்டில் போனதற்குக் கட்டம் இல்லை.

என் கணினியும் அன்றைக்கு மூழ்கியதுதான்.
அதற்கு நாற்பது சதவீதம் தேய்மானம்
போன மாதமே எழுதிக்கொண்டேன்.
அதை அவரிடம் சொல்லவில்லை.
திரையைக் கொஞ்சம்
என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

ஓடிபி அவர் மனைவியின் போனுக்குப் போனது.
இவருடைய பழைய நம்பர்
இன்னும் சகதிக்குள் எங்கோ கிடக்கிறது.
ஸ்பீக்கரில் போட்டார்.
அந்தப் பக்கம் வாடகை மெஷினின் கடகட.
"நாலு, நாலு, சைபர்... இரு, நூலு அறுந்துச்சு..."
நேரம் கடந்துவிட்டது.
மறுபடி அனுப்பு என்று அழுத்தினேன்.

திரும்பி வரும் தொகை
மூவாயிரத்து நூற்றிருபது.
"நிவாரணமா?"
இல்லை, உங்க துட்டுதான்.
அதிகமா பிடிச்சதைத் திருப்பித் தர்றாங்க.
தலையாட்டினார். புரிந்த தலையாட்டல் இல்லை,
கிளம்புகிற தலையாட்டல்.

முந்நூறை மேசையில் வைத்துவிட்டு
வாசலுக்குப் போனவர் திரும்பி வந்து
சுவரோரம் நின்றார்.
உள்ளங்கையைக் கோட்டில் வைத்தார்,
பிறகு அங்கிருந்து தன் மார்புக்கு உயர்த்தினார்.
"உங்களுக்கு இம்மாந்தான்.
எங்க வூட்ல இங்க வரிக்கும்."

கணக்கு முடித்தவளைப் போல
ஆமாம் என்றேன்.
அடுத்தவர் உள்ளே வந்தார்,
கையில் இன்னொரு பால் கவர்.