மேல் வலது மூலை

பெயரை முதலில் சொல்லிவிடுகிறேன்:
அட்டைப் படங்கள், கோத்தகிரி.
தேயிலைப் பெட்டியின் அட்டையை வெட்டிப் படமெடுத்ததால் அட்டை.
சோலைக்குள் போய்வந்தால் கணுக்காலில் தொங்குவதும் அட்டை.
எதை வைத்துப் பெயர் என்று கேட்டால்
போஜன் ஆளைப் பார்த்துப் பதில் சொல்வார்.
வங்கி மேலாளருக்குப் பெட்டி,
பத்திரிகைக்காரர்களுக்கு ரத்தம்.

தொண்ணூற்று நான்கு, ஆடி மாதம்.
ஜான்ஸ்டன் சதுக்கத்துக்கு மேலே ஒரு பேக்கரி மாடி.
இரவல் கேமரா, இரண்டு மேசை விளக்கு,
ஈரத்தில் உப்பிக்கொண்டே போகும் துண்டுகள்.
பதினோரு நொடிக்கு நூற்று முப்பத்திரண்டு நிலை,
ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரேம்.
தலையை ஊன்று, வாலை இழு, முதுகை வளை,
தலையை ஊன்று.
இடது ஓரத்திலிருந்து கறுப்பாய் ஓர் அட்டை
நடந்து வந்து, சுருண்டு, ‘அ’ ஆகிவிடும்.
மற்ற எழுத்துகள் பின்னால் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும்.

நகர்த்தியது செபமாலை.
கண்டியிலிருந்து அனுப்பப்பட்டு வந்த குடும்பம்.
பகலில் ஃபேக்டரி, உருட்டு மெஷின்.
ஐம்பத்தோராவது நிலையில் கரண்டு போனது.
திரும்பி வந்த சந்தோஷத்தில் போஜன் பொத்தானை அழுத்திவிட்டார்,
கை இன்னும் வெளியே வரவில்லை.
இரண்டு பிரேமுக்கு, மேல் வலது மூலையில், ஒரு கட்டைவிரல்.
மெஷின் கடித்த நகம், நடுவில் பிளவு.
திரும்ப எடுக்க ஃபிலிம் இல்லை.

இரண்டாயிரத்து மூன்றில் கம்ப்யூட்டர் வந்தது, நானும் வந்தேன்.
கீறல் விழுந்த சுருளை ஸ்கேன் செய்து
கோடு கோடாக நகலெடுத்தேன்.
மூலையில் ஏதோ உருண்டையாக, மங்கலாக, ஒரு பக்கம் வெட்டுப்பட்டு.
நிலா என்று நினைத்தேன்.
இல்லை என்று யாரும் சொல்லவில்லை.
இரண்டு பிரேம் நிலா எதற்கு?
பதினோரு நொடிக்கும் நீட்டினேன், மஞ்சள் பூசினேன்.
அதற்கு ஐந்து வருடம் முன்பே செபமாலை போய்விட்டார்,
எழுபது நாள் கூலி பாக்கியோடு.

குழந்தைகள் சேனலுக்கு அட்டை அருவருப்பாக இருந்தது.
கண் வைத்தோம், இமை வைத்தோம், பச்சை அடித்தோம்.
கம்பளிப்பூச்சியாகி மூன்று வருடம் கிளுகிளுவென்று சிரித்தது.
அந்தச் சிரிப்பு என் குரல், வெளியே சொல்வதில்லை.
நிலாவை விட்டுவைத்தோம்.

பிறகு பெங்களூரு கம்பெனி ஒன்று
நாற்பது பக்கத்தில் எங்களுக்கு எங்களையே விளக்கியது.
பிளவுக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம்:
‘நிறைவை நோக்கிய தீராத வேட்கை.’
அட்டை மெலிந்து ஒரு கோடானது.
கோடும் அடுத்த வருடம் போனது.
இப்போது செயலி. விரலகலச் சதுரத்தில் நிலா மட்டும்.
அதை அழுத்தினால்தான் படம் ஓடும்.

முப்பதாம் ஆண்டுக்கு எல்லாச் சின்னத்தையும் ஒட்டித் தரச் சொன்னார்கள்.
போன மாதம், மழை நிற்காத ஒரு செவ்வாய்,
பழைய நெகடிவை நல்ல ஸ்கேனரில் போட்டு
பிரேம் பிரேமாக நகர்த்தினேன்.
நூற்றொன்றில் நிலாவுக்கு ரேகை இருந்தது.
தோலில் தேயிலைக் கறை.

போஜன் வெகுநேரம் பேசவில்லை.
‘நிலாவாவே இருக்கட்டும்’ என்றார்.

கூடலூரில் எண் கிடைத்தது.
நான் யாரென்று சொல்லி முடிப்பதற்குள்
‘அந்த நிலாவா? டிவியில பாத்த அன்னைக்கே தெரியும்.
நகத்த வெட்டிட்டு வரைஞ்சிருக்கலாம்ல’ என்று இருமினார், அல்லது சிரித்தார்.
பேத்தி என்ன படம் பார்க்கிறாள் என்று சொன்னார்,
அங்கே மழை எப்படி என்று கேட்டார்.
எழுபது நாளைப் பற்றி அவர் எடுக்கவில்லை.
நானும் எடுக்கவில்லை.

போனை வைத்தேன். திரையில் சதுரம்.
அதன் மேல் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன்.
சரியாகப் பொருந்தவில்லை.
படம் ஓட ஆரம்பித்துவிட்டது.