இருமலாகவும் இருக்கலாம்

டுலூத் நகரில் பனி அள்ளும் வண்டிகளின் கொட்டகை.
இரவு பதினொன்று முப்பத்தைந்து.
புயல் இன்னும் ஏரிக்கு அக்கரையில்தான் நிற்கிறதாம்.
சும்மா உட்கார்ந்திருப்பதற்கும் சம்பளம் ஓடுகிறது.
சுவரில் மாட்டிய டிவியில்
கார்வின் ஹாஸ்ப்ரூக்
காகிதக் கட்டை மேசையில் தட்டி அடுக்குகிறான்.
அதில் ஒரு வரிகூட எழுதியிருக்காது என்பதில்
எங்கள் ஐந்து பேருக்கும் ஒரே கருத்து.
அதோடு சரி.

செனட்டர் ஒருவரை
அவன் வானளாவப் புகழத் தொடங்குகிறான்.
பாதிப் புகழ்ச்சியிலேயே
மார்லிஸ் தொடையில் தட்டுகிறாள்.
"வாழைப்பழத்தில் ஊசி! அந்த ஆளுக்கே தெரியாது பார்,
வீட்டுக்குப் போய் உட்காரும்போதுதான் குத்தும்."

ஆர்லன் நாற்காலியைச் சற்றே திருப்பிக்கொள்கிறான்.
"சொல்வதற்கு முன்பே அவன் உதட்டில் சிரிப்பு வந்துவிடுகிறதே.
சமைத்தவனே ஏப்பம் விட்டால்
பந்தியில் உட்கார்ந்தவன்
எதற்கு இலையைப் பார்க்க வேண்டும்?"

இங்வால்டுக்கு இடது காது கேட்காது.
ஸ்டுடியோக் கூட்டம் சிரித்து
அரை நொடி கழித்து அவரும் சிரிப்பார்.
என்ன புரிந்தது என்று ஒருமுறை கேட்டேன்.
"அத்தனை பேர் பொய் சொல்வார்களா?" என்றார்.

பாவ் ஷியோங் எதுவும் சொல்லமாட்டான்.
ஹாஸ்ப்ரூக் குரலை மாற்றி
டாக்சி ஓட்டுபவனின் உச்சரிப்பில் பேசத் தொடங்கினால்
எழுந்து காப்பி இயந்திரத்துக்குப் போவான்.
சர்க்கரை போட்டுக்கொள்ளாதவன்.
இரண்டு நிமிடம் கரண்டியால் கலக்குவான்,
கைதட்டல் ஓயும்வரை.

இன்றைக்கு
திரையில் எங்கள் தெரு.
போன வியாழன். பனி அள்ளும் செலவைக் குறைப்பது பற்றி
நடைபாதையில் நின்று மேயர் பேசுகிறார்.
பின்னால் பதினேழாம் எண் வண்டி வருகிறது,
அவசரமே இல்லாமல்.
மேயரின் காரைக் கண்ணாடிவரை பனியில் மூடிவிட்டு
திருப்பத்தில் விளக்கும் போட்டு
ஒழுங்காகத் திரும்பிப் போகிறது.

ஹாஸ்ப்ரூக் மூச்சை நிறுத்துகிறான்.
"மினசோட்டாவில்
எதிர்க்கட்சிக்கு ஆறு சக்கரம்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது.
அரை நொடி கழித்து
இங்வால்டு சிரிக்கவில்லை.

பதினேழாம் எண், ஆர்லனின் வண்டி.
விளக்கம் கேட்டு வந்த நோட்டீஸ்
அவன் கோட்டுப் பையில் நான்காய் மடிந்து கிடக்கிறது.

மார்லிஸ் எழுந்துவிட்டாள்.
"அவனுக்கென்ன, சொல்லிவிட்டு விளம்பரத்துக்குப் போய்விட்டான்!
மறந்தாலும் மறந்திருப்பார்கள்.
இனி எப்படி மறப்பார்கள்?"
ரிமோட்டைத் தேடினாள்.
அதன்மேல் பாவ் உட்கார்ந்திருந்தான்,
முதல்முறையாகக் காப்பி எடுக்கப் போகாமல்.

ஆர்லன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.
சோப்புத் தூள் விளம்பரம்.
"பத்து," என்றான்.
"என்ன பத்து?"
"சக்கரம். எண்ணிப் பார்த்திருக்கலாம்."

தொலைபேசி அடித்தது. புயல் ஏரியைக் கடந்துவிட்டது.
கையுறை, தெர்மாஸ், சாவி.
நான்கு எஞ்சின்கள் ஒவ்வொன்றாய்த் தொண்டையைச் செருமின.
டிவியை அணைத்துவிட்டு
வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்தேன். அனுப்புவது என் வேலை.
என் கருத்தை யாரும் கேட்டதில்லை.

ஒன்று இருபதுக்கு
பதினேழிலிருந்து பொத்தானை அழுத்தும் சத்தம்.
பேச்சு இல்லை.
கண்ணாடி துடைப்பான் போய்வரும் தாளம்,
நடுவே, நெஞ்சுக்கு உள்ளிருந்து,
ஒரு சத்தம்.
பிறகு பொத்தான் விடுபட்டது.

நால்வருமே கேட்டோம்.
சிரிப்பு என்கிறாள் மார்லிஸ்.
ஹீட்டர் புகை தொண்டையில் பட்டிருக்கும் என்கிறான் பாவ்.
இங்வால்டு, நல்ல காதை என் பக்கம் திருப்பி,
மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்கிறார்.

பனி உருகி ஏரி திறந்துவிட்டது.
இன்னும் முடிவாகவில்லை.