நூற்று முப்பத்தேழு

விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.
தண்ணீர்மலை அடிவாரத்தில் காரை நிறுத்திவிட்டு
இறங்காமலே உட்கார்ந்திருக்கிறேன்.
வைப்பர் துடைத்துக்கொண்டே இருக்கிறது,
மழை நின்றுபோனது அதற்குத் தெரியவில்லை.

வீட்டில் இருவரும் தூக்கம்.
கறந்து வைத்த பால் எண்பது மில்லி
ஐஸ்பெட்டியில், இரண்டாம் தட்டில்.
எழுந்தால் கொடு, எழாவிட்டால் எழுப்பாதே
என்று மெசேஜ் அனுப்பினேன்
அதே கட்டிலில் கிடந்தவனுக்கு.

பெரிய காரணம் ஒன்றுமில்லை.
போன திங்கட்கிழமை, ஐந்து மாதம் கழித்து,
பாயான் லெப்பாஸ் ஆலையில்
தூசு நுழையாத அறைக்குள் போட்டுப் போகும்
என் பழைய வெள்ளை உடுப்பின் ஜிப்
தொப்புளுக்குக் கீழே நின்றுவிட்டது.
ஸ்டோர்காரர் நல்ல மனிதர்.
எதுவும் கேட்காமல்
டபுள் எக்ஸெல் ஒன்றைக் கவுன்டரில் தள்ளிவிட்டு
கணினியைப் பார்க்கத் தொடங்கினார்.
அந்தக் கணினி அணைந்திருந்தது.

தையல் ஆறட்டும் என்று பொறுத்திருந்து
மக்சிக் சல்மா ஒன்பது முழத் துணியால்
இடுப்பைச் சுற்றிச் சுற்றி இறுக்கினார்,
முடிச்சுக்கு ஒரு பிஸ்மில்லா.
துணி அவிழ்த்த கையோடு அம்மா
சுறாப்புட்டும் பூண்டுக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள்.
இருவருக்குமே தலையாட்டினேன்.
ஹுய் மின் மூன்றாவது கட்சி:
ரொட்டியை நிறுத்து, சோற்றை நிறுத்து.
எதை நிறுத்தினால் பால் நிற்காது என்று
அவளுடைய ஆப் சொல்லவில்லை.

ஐந்நூற்றுப் பதின்மூன்று படி.
முன்பெல்லாம் ஒன்பது நிமிடத்தில் ஏறிவிட்டு
மேலே நின்று மற்றவர்களுக்காகக் காத்திருப்பேன்.
அந்தப் பெண்ணை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது இப்போது.

முப்பதாம் படியில் தொடை பேசியது.
எழுபதில் தையல் இருந்த இடம்,
வலி இல்லை, யாரோ உள்ளிருந்து
ஒரு நூலைத் தொட்டுப் பார்ப்பதுபோல.
அப்புறம் இருமினேன்.
இருமியிருக்கக் கூடாது.
கறுப்புக் காற்சட்டை போட்டு வந்த புத்திக்கு
நானே ஒரு சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

எதிரே சீனத்து ஆன்டி ஒருத்தி
முதுகு காட்டி, பின்னாலேயே இறங்கி வருகிறாள்.
முழங்காலுக்கு நல்லதாம்.
லிசின், லிசின் என்று என்னை எச்சரிக்கிறாள்,
வழுக்கும் படியைத் தானே பார்க்காமல்.

நூற்று முப்பத்தேழில் அது நடந்தது.
கீழே கடைகளின் பக்கம் ஓர் அழுகை.
பூனை. பூனைதான், எனக்குத் தெரியும்.
மார்புக்குத் தெரியவில்லை.
சுரீரென்று இரண்டு பக்கமும் இறங்கி
பாலம் மாரத்தான் பனியனில்,
ஓடி முடித்தவர் என்று அச்சடித்த எழுத்தின் மேலேயே
இரண்டு ஈர வட்டம்
மெல்ல மெல்லப் பெரிதாயின.

ஈரப் படியிலேயே உட்கார்ந்தேன்.
தூரத்தில் துறைமுக விளக்குகள்,
ஏதோ ஒரு கப்பல் போகிறதா நிற்கிறதா புரியவில்லை.
மேலே இருக்கிறவனிடம் சொன்னேன்:
இன்றைக்கு இவ்வளவுதான் சாமி.
ஆறு பேர் ஷிப்ட் போட்டுப் பாலூட்டிய பிள்ளை,
அவனிடம் விளக்க வேண்டியதில்லை.

இறங்கும்போது எண்ணவில்லை.

காரில் போன் மினுங்கியது:
நிறைமதி எழுந்துட்டா. எண்பதும் காலி.
இன்னும் கேட்கிறா. எங்க இருக்க?
மலையில் என்று எழுதி, அழித்து,
வழியில் என்று அனுப்பினேன்.
அது பொய்யும் இல்லை.
முக்குக் கடையில் முதல் ரொட்டி கல்லில் விழும் நேரம்.
இரண்டு வாங்க வேண்டும்.
ஒன்று எனக்கு, இன்னொன்றும் எனக்கு.

சாவியைத் திருப்பியதும் வைப்பர் மறுபடி தொடங்கியது,
காய்ந்த கண்ணாடியில் கிறீச் கிறீச்சென்று.
அணைக்கக் கை போனது.
கொஞ்ச தூரம் அப்படியே வரட்டும்
என்று விட்டுவிட்டேன்.