பிசகு

இருபத்திரண்டு வருடமாய் என் வேலை
பிசகு பிடிப்பது.
பீல் நகரத்துத் தொழிற்சாலை, மூன்றாம் மாடி.
ஒலிவாங்கியின் மேல் மணிக்கூட்டைக் கிடத்துவேன்:
முகம் மேலே, முகம் கீழே, திருகு இடப்பக்கம்.
திரையில் கோடு நேராய்ப் போனால் நல்லது,
சாய்ந்தால் திருப்பி அனுப்புவேன்.
நாளுக்கு நாலு விநாடி பிந்தலாம்.
அதற்குமேல் மன்னிப்பில்லை.

போன மாதம் என்னைக் கிடத்தினார்கள்.
நெஞ்சில் ஒட்டுகள், வயர்கள், இடுப்பில் ஒரு பெட்டி,
ஒரு பகலும் ஒரு இரவும் கழற்றக்கூடாது.
செய்வதையெல்லாம் எழுத ஒரு கொப்பி தந்தாள் தாதி.
எழுதினேன், ஒளிக்காமல்:

05.40 எழும்பினேன். பல்கனியில் ஒன்று.
06.15 பஸ் தரிப்பு. பனி. ஒன்று.
09.00 பின்கதவடியில் யானிக்கோடு. அவன் இரண்டு, நான் ஒன்று.
(ஒன்றரை.)
12.20 சோறு. பிறகு ஒன்று.
16.50 சாருமதியின் ஃபோன். கதைத்தபடி ஒன்று,
கணக்கில் சேருமோ தெரியாது.
23.00 படுத்தேன்.

இரண்டரைக்கு எழும்பிப் பல்கனிக்குப் போனதை
எழுதவில்லை.
பெட்டிக்குத் தெரியும்.

டொக்டர் ஸ்பிண்டன் தாளை விரித்தபோது
எட்டிப் பார்த்தேன், தொழில் பழக்கம்.
அழகான கோடு.
ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும்
மயிரிழை வித்தியாசம்,
நித்திரையிலும் அப்படியே.
"நல்லாய்த்தானே ஓடுது" என்றேன்,
கொஞ்சம் பெருமையாய்.

"இதயம் இப்படி ஓடக்கூடாது" என்றாள்,
டொச்சில், எனக்காக மெதுவாய்.
மூச்சு உள்ளே போகையில் அது சற்று விரைய வேண்டுமாம்,
வெளியே வருகையில் சற்றுத் தயங்க வேண்டுமாம்.
தயங்கவைப்பது ஒரு நரம்பு.
மூளையின் அடியில் தொடங்கிக்
கழுத்தால் இறங்கி, நெஞ்சைத் தொட்டு,
குடல்வரைக்கும் அலைந்து திரிவது.
லத்தீனில் அதற்கு நாடோடி என்ற பொருளில்தான் பேராம்.

விரட்டுவதற்கு வேறு நரம்புகள்.
பொம்மர் சத்தம் கேட்டதும்
காலுக்கு முதல் நெஞ்சை ஓடச் சொல்பவை.
அதை எனக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

"ஒவ்வொரு சிகரெட்டும் அவற்றைத்தான் எழுப்புது.
நாடோடியின் குரல் அமுங்கிப் போகுது.
பஸ் தரிப்பில் ஒன்றுமே நடக்கவில்லை,
உங்கள் இதயம் மட்டும்
ஓடுவதற்குத் தயாராய் நிற்குது."

கிரொய்ட்ஸ்லிங்கன் முகாமில்,
விசாரணைக்கு முதல்நாள் இரவு,
பெயர் தெரியாத ஒருவன் நீட்டினான் முதலாவதை.
நரம்பு ஆறும், பிடி, என்றான்.
ஆறியது என்றுதான்
இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

நிறுத்தி ஒன்பது நாள்.
வாய் கசக்குது, ஆரைக் கண்டாலும் எரிச்சல்,
யானிக் பின்கதவடியில் தனிய.
வேலை முடிந்து ஷூஸ் ஆற்றங்கரை வாங்கில் இருந்து
மணிக்கட்டைப் பிடிக்கிறேன்.
உள்ளே. வெளியே.
எட்டு நாளும் ஒன்றும் தெரியவில்லை.
இன்றைக்கு மூச்சை விட்டபோது
இரண்டு துடிப்புக்கு நடுவில் ஒரு சின்னச் சுணக்கம்,
வீட்டுக்கு வந்த ஒருவர்
வாசலில் செருப்பைக் கழற்றுகிற நேரம்.
நினைப்பாயும் இருக்கலாம்.

அடுத்தநாள் காலை, மூன்றாம் மாடியில்,
ஒரு மணிக்கூட்டின் கோடு சரிந்திருந்தது.
ஏழு விநாடி.
வழமையைவிடக் கனநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருப்பித்தான் அனுப்பினேன்.
வேலை வேலைதானே.