கால் சதவீதம்

உச்சிப்புளி தாண்டி, ஆற்றங்கரை போகிற வழியில்
உப்புக்காற்று எழுத்தைத் தின்ற ஒரு பலகை.
அதற்குப் பின்னால் பதினேழு ஏக்கர், ஒரு குளிர்கிடங்கு.
தலை கிள்ளிய இறால்கள்
மைனஸ் பதினெட்டில் அடுக்காகக் கிடக்கின்றன.

நான் விலை சொல்ல வந்தவன்.
வாங்கப் போகிறவர்கள் வரவில்லை.
பணம், எங்கோ பனி கொட்டும் நாட்டில்
ஓய்வு பெற்ற வாத்தியார்களுடையது.
அவர்களில் ஒருவர் இந்நேரம்
ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கலாம்.
ஆற்றங்கரை என்று ஓர் ஊர் இருப்பதை
அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.
எனக்கும் அவர் பெயர் தெரியாது.
சரிக்குச் சரி.

கணக்கு எளிது.
வருஷ வாடகை நாலு கோடியே இருபது லட்சம்.
எட்டு சதவீதத்தில் ஐம்பத்திரண்டரைக் கோடி.
எட்டே காலில் ஐம்பத்தொன்று கூட வராது.
புதன்கிழமை காலை பத்து மணிக்கு
யாரோ மைக் முன்னால் தொண்டையைச் செருமினார்கள்.
இங்கே ஒரு செங்கல் உதிரவில்லை,
ஒரு கதவு கழலவில்லை,
ஒன்றரைக் கோடி போய்விட்டது.

கால்.
நாலில் ஒன்றுக்கும் அதுதான் பெயர்,
நிற்கிறதற்கும் அதுதான்.
பழந்தமிழில் காற்றுக்கும்.

அடுத்தது நிலைத்தன்மைக் கேள்வித்தாள்,
தொண்ணூற்றாறு கேள்விகள்.
கூரையில் சூரியத் தகடு: உண்டு.
(உப்புப் பூத்திருந்ததைக் கேட்க அதில் கட்டம் இல்லை.)
மழைநீர்த் தொட்டி: உண்டு.
நாற்பத்தொன்றாவது:
வளாகத்துக்குள் பதிவான கடல்நீர் மட்டம், ஆண்டுவாரியாக.
இல்லை என்று எழுதப் போனேன்.

"இருக்கு சார்" என்றாள்
காவலுக்கு இருக்கும் நம்புக்கனி.
பின்சுவருக்குக் கூட்டிப்போனாள்.
நீலப் பெயிண்டில் ஒன்பது கோடுகள்,
புருஷன் வள்ளத்துக்கு அடித்ததில் மிச்சம்.
ஐப்பசி கார்த்திகை அமாவாசைகளில்
பெருக்கு எதுவரை ஏறி நின்றதோ, அதுவரை.
"ஆடு கட்ட எடம் பாக்கணும்ல.
குட்டி நனஞ்சா சீக்கு."

முதல் கோடு என் கரண்டைக்காலுக்கு நேராக.
போன வருஷத்தது முழங்காலுக்கு.
டேப் முப்பத்திரண்டு சென்டிமீட்டர் என்றது.
கடல் ஏறியதா, மண் இறங்கியதா
என்பதைச் சுவர் சொல்லவில்லை.

வருஷம் எழுதியிருக்கலாமே என்றேன்.
எழுதாமலா?
சோளக்கொல்லைக்காரி மூணு குட்டி போட்ட வருஷம்.
கரண்டு கம்பி அறுந்த வருஷம்.
செவலை செத்த வருஷம்.

ரிப்போ ஏறியதும் இறங்கியதும் அவளுக்குத் தெரியாது.
செவ்வாய்தோறும் குழுக் கூட்டம்,
எழுநூற்று நாற்பது ரூபாய்,
நூற்றுக்கு ரெண்டு வட்டி.
அதில் காலும் கிடையாது, அரையும் கிடையாது.

மாலையில் பம்பாயிலிருந்து அழைப்பு.
அந்தச் சுவர் அறிக்கையில் வந்தே ஆகவேண்டுமா?
சான்று பெற்ற கருவி இல்லையே அது.
வந்தே ஆகவேண்டும் என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு, அடுத்த காலாண்டில் பார்ப்போம் என்றார்.
அதிலும் ஒரு கால்.

"வாங்குவாங்களா சார்?"
வட்டி எறங்கினா வாங்குவாங்க.
அவள் ஆட்டை அவிழ்த்துக்கொண்டே சுவரைப் பார்த்தாள்.
"இது எறங்கினா?"
வாடை அப்போதுதான் தொடங்கியிருந்தது.
காதில் விழாத மாதிரி காரில் ஏறினேன்.

மதுரையில் இரவு, அறிக்கையை முடிக்கும்போது
கோடுகளுக்கு நேரே ஆண்டு எண்களைப் போட்டேன்.
ஒன்றை மட்டும் மாற்ற மறந்திருக்கிறேன்,
அல்லது மறக்கவில்லை.

திங்கட்கிழமை மின்னஞ்சல் வந்தது.
பின்னிணைப்பு ஏழு, வரிசை ஆறு:
செவலை என்பவர் யார்?
ஒப்பந்ததாரரா?
இறப்புக்கு இழப்பீடு நிலுவையில் உள்ளதா?

இன்னும் பதில் எழுதவில்லை.