புல எண் 417/2

கடல் இல்லாத நாட்டில்
கரை என்று சொன்னால் அது ஆற்றுக்குத்தான்.
அமராவதி இங்கே முழங்கையை மடக்குகிறது.
மடக்கிய முட்டியின்மேல் நிற்கிறது
உள்ளான் கூட்டத்துக் கோட்டை.
நிற்கிறது என்பது பதிவேட்டின் சொல்.
என் நாடாவுக்கு அகப்பட்டது
மேற்குச் சுவரில் பதின்மூன்று மீட்டர் நாற்பது,
ஒரு வாசல்,
வாசற்படியைப் பிளந்து முளைத்த வெள்வேல்.

இரண்டு வீட்டாரும் வந்திருந்தார்கள்.
மேலைவீட்டுத் தெய்வசிகாமணி புல்லட்டில்.
கீழைவீட்டுச் சாமியாத்தாள் மகனின் காரில்,
முன் சீட்டில், மடியில் பத்திரப் பையோடு.
நடுவில் நான், தாலுகா அளவர்.
நாடாவின் மறுமுனையில் தலையாரி பொன்னான்.

முதலில் இது கிளுவை வேலிதான்.
களவு அதிகமானதும் மண்சுவர் வைத்தார்கள்.
ஐப்பசி மழை மண்ணைத் தின்னத் தின்ன
கரட்டை உடைத்துக் கல் கொண்டு வந்தார்கள்.
ராசா என்று யாருமில்லை.
மாட்டை எண்ணத் தெரிந்தவன் பட்டக்காரன்,
அவ்வளவுதான்.
கொறங்காட்டில் மேய்ந்ததெல்லாம்
பொழுது இறங்க உள்ளே வரும்.
எண்ணி முடித்ததும்
வேங்கைக் கதவை ஆறு பேர் தள்ளுவார்கள்.

கணவாய் இறங்கி வந்த குதிரைப்படையின் புழுதி
அன்றைக்கு உச்சிவேளையிலேயே தெரிந்துவிட்டது.
ஆட்கள் வந்தாயிற்று, தானியம் வந்தாயிற்று.
மாடுகள் முந்நூற்று நாற்பது.
இல்லை,
முந்நூற்று முப்பத்தொன்பது.
ஒரு மயிலை, நிறைசினை, காணோம்.

"கதவைச் சாத்தாதீங்க" என்றான் பட்டக்காரன்.

பொழுது போயிற்று.
மயிலை வந்தது, அசைந்து அசைந்து,
கழுத்து மணி கேட்கும் தூரத்தில்.
அதன் பின்னாலேயே குதிரைகள்.

இருநூறு வருசமாக
அந்த மாடு எதிர்வீட்டு மாடு.
மேலைவீட்டில் கேட்டால் கீழைவீட்டுப் பட்டியது,
கீழைவீட்டில் கேட்டால் மேலைவீட்டது.
அதைச் சொல்லிப் பெண் கொடுக்காமல் இருந்தார்கள்,
அதைச் சொல்லித் தேரை நடுவீதியில் நிறுத்தினார்கள்.
போன தை மாதம்
புறவழிச்சாலைக்கு நில எடுப்பு அறிவிப்பு வந்தது.
இன்று
"மயிலை எங்களுதுங்க அம்மிணி" என்கிறார் தெய்வசிகாமணி.
"எங்க தாத்தனுக்குத் தாத்தன் வளத்த மாடு,
எவன் எவனோ பேசறான்" என்கிறாள் சாமியாத்தாள்.

கோட்டையைப் படை இடிக்கவில்லை.
பதினோரு நாள் தங்கி, உப்பைத் தின்று, போய்விட்டது.
கொத்தளத்தை இறக்கச் சொன்னது கும்பினி உத்தரவு.
மிச்சத்தை இறக்கியவர்கள் இவர்களே:
மேலைவீட்டுக் கிணற்றுத் துவளத்தில் இருபது கல்,
கீழைவீட்டு அரிசி ஆலைக்கு அடித்தளமாக எத்தனையோ,
வாய்க்கால் மதகில் யாளியின் பாதி முகம்.
கேட்டால் இருவரும் ஆற்றைக் காட்டுகிறார்கள்.
"வெள்ளம் அடிச்சுட்டுப் போயிருச்சுங்க."
ஆறு தண்ணீரில்லாமல் கிடந்தது,
மறுப்பதற்கும் அதற்கு ஈரம் வேண்டும் போல.

இரண்டு மணிக்கு அவர்கள் சாப்பிடப் போனார்கள்,
தனித்தனியாக, ஒரே ஓட்டலுக்கு.
நான் வெள்வேல் நிழலில் படம் வரைந்துகொண்டிருந்தேன்.
பொன்னான் நாடாவைச் சுருட்டிக்கொண்டே,
யாரிடமோ சொல்வதுபோல,
"நிறைசினை மாடு இருட்டுல தானா வராதுங்க" என்றார்.

பென்சில் நின்றது.

"ஓட்டிட்டு வரோணும். ஒருத்தன் போயிருக்கோணும்."
"யாரு?"
"எங்க பக்கம் மூக்கன்னு சொல்லுவாங்க.
மாடு உள்ள வந்துருச்சு. அது எல்லாரும் சொல்றதுதான்."
பிறகு கரட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

படிவத்தில் பதினேழு கலங்கள்.
உரிமை கோருபவர், எல்லை, மரம், கிணறு, ஆக்கிரமிப்பு.
பதினேழிலும் விரலை வைத்துப் பார்த்தேன்.

வாசலை இன்னொரு முறை அளக்கலாம் என்றேன்.
அகலம் இரண்டு மீட்டர் நாற்பத்தாறு.
கதவு: இல்லை.
ஒரு மாடும், அதன் வாலைப் பிடித்தபடி ஓர் ஆளும்
தாராளமாக நுழையலாம்.
குறிப்பு என்ற இடத்தில் அதை எழுதினேன்,
மையில்.