உள்தாழ்ப்பாள்

சூர் நகரத்தில் கடலைப் பார்த்த மேட்டில்
முப்பது வருடமாக ஆள் இல்லாத சிறைக்கு
குழாய் போடப் போனேன்.
என் பெயர் கோட்டைச்சாமி.
கோட்டைக்குள் வந்து மாட்டியதைச் சொல்லிச் சிரிக்க
தமிழ் தெரிந்தவர் அங்கே ஒருவரும் இல்லை.
மேஸ்திரி ஷஃபிக்குலிடம் இந்தியில் விளக்கினேன்.
விளக்கி முடித்தபோது
சிரிப்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

முதலில் ஓட்டல் என்றார்கள்.
ஒரு ராத்திரி வாடகையைக் கேட்டு
நானும் ஷஃபிக்குலும் விரல்விட்டு எண்ணினோம்.
அப்புறம் மியூசியம்.
காட்சிக்கு வைக்கக் கிடைத்தவை
இரண்டு விலங்கு, ஒரு துருப்பிடித்த தராசு.
கடைசியில் நூலகம்.
ஆகஸ்ட் புழுக்கத்தில் மூன்றாம் முறையாக
வரைபடம் மாறி
கழிவறை வடக்கு மூலைக்கு வந்தது.
ஏழாம் எண் அறை.

ஒன்பதடிக்கு ஆறரை.
சுவர் இரண்டு முழக் கனம்.
டிரில் பிட் நான்கு ஒடிந்தன.
சுட்ட களிமண் பொடியாய் வந்து மூக்கில் ஏறியது.
தரையில் வரிசை வரிசையாய்ச் சின்னக் குழிகள்.
எலி பறித்தது என்று நினைத்து
சிமென்ட் வைத்து அடைத்து டைல் ஒட்டினேன்.
சுவரில், உட்கார்ந்தால் கைக்கு எட்டும் உயரத்தில்,
கோடு கோடாய்க் கீறல்.
ஆர்க்கிடெக்ட் ரூலா அம்மா
பென்சிலால் சுற்றி வட்டம் போட்டு
"எத்தனை நாளோ, பாவம்" என்றார்.
வாஷ்பேசினை ஒரு சாண் தள்ளி மாட்டினேன்.

ஒரு வியாழன், சோற்றுக்கு முன்னால்
மகள் ஓட்டிவந்த காரில் ஒருவர் வந்தார்.
ஜுமா பின் சுவைலிம்.
கதவுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணி
ஏழாவதில் நின்றார்.
"இங்கே என்ன வரப்போகிறது?"

ரூலா அம்மா குழந்தைகள் பகுதியில் ஆரம்பித்தார்,
வாசிப்பு மேசை, மின்விளக்கு, மாடித்தோட்டம் என்று
சுற்றி வந்துகொண்டே இருந்தார்.
ஷஃபிக்குல்தான் கதவைத் தள்ளிக் காட்டினான்.
பிளாஸ்டிக் உறை பிரிக்காத வெள்ளைக் கோப்பை.

அவர் சுவரில் கைவைத்துச் சிரித்தார்.
இருமல் வரும்வரை சிரித்தார்.
"நான்கு பேர். பதினொரு மாதம். ஒரு வாளி.
வாரம் ஒரு மனு எழுதினோம்.
இப்போதுதான் பார்த்திருக்கிறார்கள்."

கீறலைக் கேட்டார் ரூலா அம்மா: நாள் கணக்கா?
"நாளை யார் எண்ணினார்?
ஹவாலிஸ் ஆட்டம். மூன்றாம் வரி என்னுடையது.
எப்போதும் தோற்றேன்.
குழிகள் இங்கேதான் இருந்தன" என்று
என் டைல் மேல் கைத்தடியால் தட்டினார்.
பல்லாங்குழி ஆடிய ஊர்க்காரன் நான்.
குழியை அடையாளம் தெரியாமல் போனதை
அரபியில் சொல்ல வார்த்தை வரவில்லை,
பதினாறு வருடத்துக்குப் பிறகும்.

பிறகு கதவைப் பார்த்தார்.
வெளிப்பக்கம் கைமுட்டி மொத்தத்தில் இரும்புத் தாழ்.
எண்ணெய் போட்டுப் பளபளவென்று வைத்திருந்தோம்.
உள்பக்கம் வெறும் மரம்.
"உள்ளே தாழ்ப்பாள் எங்கே?"

வரைபடத்தில் இல்லை.
பழைய தேக்கு, துளை போடக் கூடாது என்பது உத்தரவு.
என் பையில் ஒன்று இருந்தது,
எங்கள் கேம்ப் குளியலறைக்கென்று
சொந்தக் காசில் வாங்கிய நாலு அங்குலத் தாழ்ப்பாள்.
ரூலா அம்மாவைப் பார்த்தேன்.
அவர் ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நான்கு திருகாணி. ஐந்து நிமிடம்.

அவர் உள்ளே போனார்.
தாழ் விழும் சத்தம் கேட்டது.
விலக்கினார். மறுபடி போட்டார்.
காலையில்தான் பிரஷர் டெஸ்ட் முடித்த குழாயில்
தண்ணீர் ஓடத் தொடங்கியது.
நாங்கள் வெளியே நின்றோம்.
ஷஃபிக்குல் எதற்கோ தொப்பியைக் கழற்றினான்.
வெகுநேரம் கழித்து மகள் கதவைத் தட்டினாள்.

"ஆள் இருக்கிறது" என்றார் உள்ளேயிருந்து.

அன்றிரவு கேம்ப்பில்
வழக்கம்போல
இருமிக்கொண்டே குளித்தேன்.